வேலிக்கால்: மரமா? சிமெண்டா?

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

'வேலி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காவிரிப் பாசன நாட்டில் வேலி என்பது ஒரு நில அளவை. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். மற்றொரு பொருள் நாம் எல்லோரும் அறிந்தது: பயிரைச் சுற்றி நின்று காப்பது. நிலத்துக்கும் அதன் காவலுக்கும் ஒரே சொல் வழங்குவதைப் பார்த்தால், காவல் இல்லாத நிலத்தை நம் முன்னோர் நிலமாகவே கருதவில்லை போலும்!

ஆண்டு மலரில் கவிதையும் விண்வெளியும் இடம்பெறும் பக்கங்களுக்கிடையே, வேலிக்குக் கால் நடுவதைப் பற்றி ஒருவன் எழுதுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் நம் கல்லூரி மாணவர்களுள் பாதிப்பேர் வேளாண் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில், ஓர் ஏக்கர் தோட்டத்தில் விளையும் கத்தரியும் வெண்டையும் மல்லாட்டையுமே என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுகின்றன. வேலி விழுந்த இரவில் ஆடுகள் புகுந்தால், காலையில் கத்தரிச் செடியில் தண்டு மட்டுமே மிஞ்சும். ஆதலின் வேலிக்கால் எனக்குச் சிறு பொருள் அன்று.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. பழைய சவுக்குக் கால்கள் பல சாய்ந்துவிட்டன. "எத்தனை முறைதான் மாற்றுவது? அண்ணி நகையை வைத்தாவது எல்லாவற்றையும் சிமெண்டுக் காலாக நட்டுவிடுவோம், அண்ணா. பிறகு நம் காலம் முழுவதும் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் சித்தப்பா. "சவுக்கு நம் ஊரிலேயே கிடைக்கிறது. கடன் வாங்கி வேலி போட்டால், வேலி பயிரைக் காக்கும். கடனை யார் கட்டுவது?" என்றார் அப்பா. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் படிக்கும் வேதியியலைக் கொண்டு இதற்கு விடை காண முடியுமா என்று முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

கால் எங்கே ஒடிகிறது?

சாய்ந்து கிடந்த கால்களை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாம் ஒரே இடத்தில்தான் ஒடிந்திருந்தன. மண்ணுக்கு மேலே இருந்த பகுதி வெயிலில் வெளுத்திருந்தாலும் உறுதியாக இருந்தது. ஆழத்தில் இருந்த அடிநுனியும் பெரும்பாலும் கெட்டியாகவே இருந்தது. மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் பகுதி மட்டும் மெலிந்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

இதற்கு முதற்காரணம் இயற்பியல். ஏழடிக் காலை இரண்டடி ஆழத்தில் நட்டால் ஐந்தடி வெளியே நிற்கும். கம்பியின் இழுப்போ, மாடு சாய்ந்து உரசும் அழுத்தமோ மேலே விழுகிறது. காலைப் பிடித்திருப்பது கீழே உள்ள மண். நெம்புகோலில் போலவே, விசையும் அதன் உயரமும் பெருகி மண்மட்டத்தில் வந்து சேருகின்றன. நான்கடி உயரத்தில் ஐம்பது கிலோ இழுத்தால், மண்மட்டத்தில் அதன் வளைவுத் திருப்பம் இருநூறு கிலோ-அடி. மரமாயினும் சிமெண்டாயினும் இது மாறாது. அதிக வலிமை வேண்டிய இடம் எதுவோ, அதுவே நோய் முதலில் பற்றும் இடமாகவும் இருப்பதுதான் வேலிக்காலின் தீவினை.

மரத்தின் பகை

மரத்தை உளுக்கச் செய்வது நீர் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அதைத் தின்பது பூஞ்சை. பூஞ்சை வாழ உணவு, ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக இருந்தால் பூஞ்சை வளராது. காற்றே இல்லாவிடினும் வளராது. இத்தாலியின் வெனிஸ் நகரம் பல நூற்றாண்டுகளாக நீரடிச் சேற்றில் அடித்த மரமுளைகளின் மீதே நிற்கிறது. அங்கே ஈரம் உண்டு, காற்று இல்லை. நம் வேலிக்காலின் மேற்பகுதியில் காற்று உண்டு, ஈரம் நிலைப்பதில்லை. மண்மட்டத்தில் மட்டுமே ஈரமும் காற்றும் கைகோக்கின்றன. போதாக்குறைக்குக் கறையானும் மண்ணிலிருந்து அங்கேதான் ஏறுகிறது.

எல்லா மரமும் ஒரே வகையில் மடிவதில்லை. முதிர்ந்த மரத்தின் நடுவே நிறம் ஆழ்ந்திருப்பது வைரக்கட்டை. அதைச் சுற்றி வெளுத்திருப்பது சாற்றுக்கட்டை. சாற்றுக்கட்டையில் பூஞ்சைக்கும் கறையானுக்கும் வேண்டிய மாவுப்பொருள் மிகுதி. வைரக்கட்டையில் அவற்றுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் படிந்திருக்கின்றன. எந்த மரமாயினும் அதன் சாற்றுக்கட்டை மண்ணில் நீடிக்காது. நான்கைந்து ஆண்டில் வெட்டப்படும் சவுக்கிலும் தைலமரத்திலும் வைரம் ஏற நேரமில்லை. சாரம் கட்டச் சிறந்த சவுக்கு, மண்ணில் நட்டால் விரைவில் மடிவது இதனால்தான். தேக்கு, கருவேல், ஆச்சா முதலியவற்றின் வைரக்கட்டை நெடுநாள் நிற்கும்.

தொல்காப்பிய மரபியலில் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் பிரித்திருப்பதைத் தமிழ் வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். பனை அவ்வகையில் புல். வேலிக்கால் நடுபவனுக்கு இது வெறும் இலக்கணம் அன்று. மரக்காலில் மண்ணைத் தொடுவது அதன் மெலிந்த பகுதி. பனங்காலில் மண்ணைத் தொடுவது வலிய பகுதி. முதிர்ந்த பனையைப் பிளந்து, உட்சோற்றை நீக்கி, வைரத்தை மட்டும் நடுவோர் இதை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். ஆயினும் கால் வேண்டும் என்பதற்காக நிற்கும் பனையை வெட்டுவது தகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

சிறிது உளுத்தால் என்ன என்று நினைக்கலாம். ஓர் உருண்டைக் காலின் வளைவு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நான்கங்குலக் காலைச் சுற்றி அரை அங்குலம் மட்டும் உளுத்தால், மிஞ்சுவது மூன்றங்குலம். வலிமையோ 64 பங்கிலிருந்து 27 பங்காகக் குறைந்துவிடும். விட்டத்தில் கால் பங்கு போனால் வலிமையில் பாதிக்கு மேல் போகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கால் ஒரு காற்றில் விழுவதன் இரகசியம் இதுவே.

மருந்திட்டால் மரம் நீடிக்கும். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் சேர்மங்களைக் கொண்ட புகழ்பெற்ற மரக்காப்பு மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் காமேசன் என்னும் இந்திய அறிவியலாளர். அழுத்தக் கலனில் இட்டு மருந்தேற்றினால், மண்ணில் நீடிக்காத சாற்றுக்கட்டையும் பல்லாண்டு நிற்கும். வைரக்கட்டையைவிடச் சாற்றுக்கட்டையே மருந்தை நன்கு உறிஞ்சும். ஆனால் ஆர்செனிக் நஞ்சு. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இம்மருந்தை இடுவது 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. எங்கள் வீட்டில் பழைய வேலிக்கால் அம்மாவின் அடுப்புக்குத்தான் போகும். மருந்தேற்றிய மரத்தை எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் கலக்கும். அச்சாம்பலை நாம் கீரைப் பாத்தியில் தூவுவோம். ஆதலின் விறகடுப்பு உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று.

மரக்காலைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை ஊற்றினால் காப்பாகும் என்று சிலர் எண்ணுகின்றனர். மரம் உலர்ந்து சுருங்கும்போது கலவைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு விடும். மழைநீர் அதில் இறங்கி, கிண்ணத்தில் போலத் தங்கும். காப்பு என்று கட்டியது பூஞ்சைக்குத் தொட்டிலாகிவிடும். அதைவிடக் குழியில் சரளையிட்டு, மண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்துவதே மேல்.

சிமெண்டுக் காலின் உள்நோய்

இரும்புக் கம்பி பொதிந்த சிமெண்டுக் கலவையின் வரலாறு ஒரு தோட்டத்தோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, செடித்தொட்டிகள் உடையாதிருக்க உள்ளே இரும்பு வலை வைத்து, 1867-இல் காப்புரிமை பெற்றார். அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வல்லது. இழுப்பைத் தாங்குவதில் அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. வேலிக்கால் வளையும்போது ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தைக் காப்பது உள்ளிருக்கும் கம்பி. எனவே கம்பி போனால் கால் போயிற்று.

சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் கலவையின் பி.எச். எண் 12-க்கு மேல் நிற்கும். அக்காரச் சூழலில் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கும். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சிறுகச் சிறுக உட்புகுந்து, ஹைட்ராக்சைடைக் கார்பனேட்டாக மாற்றுகிறது, பி.எச். 9-க்கும் கீழே இறங்குகிறது, படலம் அழிகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய கன அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். அப்பருமன் கலவையை உள்ளிருந்து பிளக்கும். காலின் நெடுக்கில் கோடுபோல் விரிசல் ஓடினால், அங்கே கம்பி துருவேறிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

கார்பன் டை ஆக்சைடு உட்செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. ஆகவே கம்பியின் மேல் 10 மில்லிமீட்டர் கலவை இருந்தால் எத்தனை ஆண்டு தாங்குமோ, 20 மில்லிமீட்டர் இருந்தால் அதைப்போல் நான்கு மடங்கு தாங்கும். விரற்கடை அளவுகூட இல்லாத அந்தக் கனத்தில் காலின் ஆயுள் அடங்கியிருக்கிறது! அச்சில் கம்பியை ஒரு பக்கமாகச் சாயவிட்டு வார்த்தால், வெளியே பார்க்க அழகாக இருக்கும் கால் உள்ளே பிறவி நோயுடன் பிறக்கிறது.

கடற்கரைக்கு இன்னொரு நோயும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, காரத்தன்மை குறையாத நிலையிலும் அப்படலத்தைத் துளைத்துவிடும். கடற்காற்று மேலிருந்து உப்பைத் தருவது போதாதென்று, கலவைக்கு ஊற்றும் நீரிலேயே உப்பு இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் கால் வார்க்கும் ஒரு களத்திலிருந்து ஆழ்குழாய் நீரை ஒரு புட்டியில் கொண்டுவந்து, நம் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் சேர்த்துப் பார்த்தேன். முதலாண்டில் நாம் எல்லோரும் செய்த சோதனைதான். கல்லூரிக் குழாய்நீரில் இலேசான கலங்கல் மட்டுமே தோன்றியது. களத்து நீரிலோ தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. பக்கத்துத் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நட்ட சிமெண்டுக் கால்கள் இப்போதே வெடித்துக் கம்பி தெரிய நிற்பதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கட்டுமான நெறி (2000), கடற்கரைச் சூழலில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கலவை வேண்டும் என்கிறது. அது கட்டடங்களுக்கான நெறிதான். எனினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் நான்கங்குலச் சதுரக் காலின் பக்கம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். இருபுறமும் 45 விட்டால் நடுவில் மிஞ்சுவது 10 மில்லிமீட்டர்! அதற்குள் நான்கு கம்பிகளை வைக்க இடமில்லை. ஒன்றை வைத்தாலும், நட்டநடுவில் இருக்கும் கம்பி வளைவை எதிர்க்க அவ்வளவாக உதவாது. ஆகவே கடலோரத்தில் மெல்லிய சிமெண்டுக் கால் என்பது தன்னளவிலேயே முரணானது. ஆறங்குலக் காலில்தான் கம்பிக்கு ஓரளவேனும் நல்ல போர்வை கிடைக்கும். வளைவு வலிமையும் நான்கங்குலக் காலைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனால் எடையும் விலையும் இரண்டு மடங்கைத் தாண்டும். ஏழடி நீளமுள்ள நான்கங்குலக் காலே ஏறத்தாழ ஐம்பது கிலோ இருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் 209 அடி. சுற்றளவு 836 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 84 கால்கள். விலை ஊருக்கு ஊர் மாறுமாதலால் பங்குகளாகவே கணக்கிடுவோம். ஒரு மரக்காலை வாங்கி நட்டு முடிக்க 100 பங்கு. அது நான்கு ஆண்டு நிற்கும் என்போம். நல்ல சிமெண்டுக் காலுக்கு 350 பங்கு, 25 ஆண்டு. மட்டமான சிமெண்டுக் காலுக்கு 250 பங்கு, ஆறு ஆண்டு. ஆண்டுக்கு வகுத்தால் மரக்கால் 25 பங்கு, நல்ல சிமெண்டு 14 பங்கு, மட்டமான சிமெண்டு ஏறத்தாழ 42 பங்கு. நல்ல சிமெண்டு மரத்தை வெல்கிறது. மட்டமான சிமெண்டு மரத்திடம் தோற்கிறது. 'சிமெண்டு நீடிக்கும்' என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

இனி, அந்தப் பணம் கடன் பணம் என்போம். ஆண்டு வட்டி நூற்றுக்குப் பத்தானால், முதலாண்டில் மரக்காலுக்கு 10 பங்கு வட்டி. நல்ல சிமெண்டுக் காலுக்கு 35 பங்கு வட்டி. தேய்மானத்தோடு கூட்டினால் மரம் 35, சிமெண்டு 49. கைப்பணத்தில் மலிவாக இருந்தது, நகைக் கடனில் விலையேறிவிட்டது. அப்பாவின் அச்சம் வெறும் பழைமைப் பற்று அன்று. சித்தப்பாவின் ஆசை வெறும் ஆடம்பரமும் அன்று. ஒருவர் வட்டியைப் பார்த்தார். மற்றவர் ஆயுளைப் பார்த்தார். இரண்டையும் ஒரே தாளில் எழுதியபோதுதான் வழக்குத் தணிந்தது.

நிலம் யாருடையது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மூன்றாண்டுக் குத்தகைக்கு உழுபவர் 25 ஆண்டு நிற்கும் காலை நட்டால், 22 ஆண்டுப் பயன் நில உடைமையாளருக்குப் போகும். அவருக்கு மரக்காலே அறிவுடைமை. 'ஏழை நிலையானதைச் செய்வதில்லை' என்று குறை கூறுவோர், நிலையானதைச் செய்ய அவருக்கு நிலையான நிலம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

நாங்கள் கண்ட வழி

வேலியிலுள்ள எல்லாக் கால்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூலைக்காலும் வாயிற்காலும் முள்கம்பியின் முழு இழுப்பையும் தாங்குகின்றன. இடைக்கால்கள் கம்பியைத் தூக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவே. ஆகவே மூலைக்கு நான்கு, வாயிலுக்கு இரண்டு, நான்கு பக்க நடுவிலும் ஒவ்வொன்று என்று பத்துக் கால்களை மட்டும் ஆறங்குலச் சிமெண்டுக் கால்களாக, கடன் வாங்காமல் நட்டோம். அவற்றை எங்கள் கொல்லையிலேயே நல்ல நீர் கொண்டு வார்த்து, கம்பி நடுப்பிசகாமல் நிற்கக் கலவைக் கட்டைகள் வைத்து, ஈரச் சாக்குப் போர்த்தி, பத்து நாள் தண்ணீர் ஊற்றினோம். 28 நாள் கழித்தே நட்டோம். மூலைகளுக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுத்தோம்.

மற்ற 74-க்கும் மரம். அதிலும் சவுக்கை விட்டு, ஏரிக்கரையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தில் வைரம் ஏறியவற்றைத் தேர்ந்து, பட்டையை உரித்து, உலரவிட்டு நட்டோம். அம்மரத்துக்கு எங்கள் பக்கத்தில் 'வேலிகாத்தான்' என்றே பெயர். பெயருக்கேற்ற வேலை அதற்கு இப்போதுதான் கிடைத்தது. நேரான கம்பு கிடைப்பது அரிது. எனவே வேலி பார்வைக்குச் சற்றுக் கோணல்தான். ஐப்பசி மழையில் ஒவ்வொரு காலுக்கு அருகிலும் ஒரு பூவரசம் போத்து ஊன்றினோம். பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும் கடற்கரை மரம். பெரும்பாலானவை தளிர்த்துவிட்டன. செத்த மரத்தைத் தின்னும் பூஞ்சையும் கறையானும் உயிருள்ள மரத்தை அவ்வளவு எளிதில் அணுகுவதில்லை. மரக்கால் மடியும் காலத்தில் பூவரசு கம்பியை ஏற்றுக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கிறது.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டு வேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கையில் ஒரு திருப்புளி போதும். மரக்காலாயின் அதன் அடியில் சிறிது மண்ணை விலக்கி, அவ்விடத்தைக் குத்திப் பாருங்கள். நுனி எளிதாக இறங்கினால் அக்கால் அடுத்த மழையைத் தாங்காது. சிமெண்டுக் காலாயின் நெடுக்கு விரிசலையும் பழுப்புக் கறையையும் தேடுங்கள். புதிதாக வாங்குவதாயின் மரத்தில் வைரம் எவ்வளவு என்றும், சிமெண்டில் கம்பியின் மேல் போர்வை எவ்வளவு என்றும், எந்த நீரில் வார்த்தது என்றும் கேளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் இதைச் செய்வது நல்லது; மழையில் இளகிய மண்ணில் கால் சாய்ந்தபின், ஆடு நமக்காகக் காத்திருப்பதில்லை.